பூசையில் வைத்த பதினான்கு கட்டைகள்

“ஏனுங்க அம்மணி, நீங்க கொடி காட்டி இந்த எருமை நிக்குமுங்களா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, யார்டு சூப்பரின்டெண்டு ரங்கசாமி சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. குரலில் கேலி இல்லை. இன்றைக்கு மழை வருமா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

“நிக்குமுங்க சார்” என்றேன். நின்றது. எட்டு வருடம் நின்றது.

இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது, இருபத்தாறுதான் ஆகிறது. ஆனால் யார்டு ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கிற இரண்டு பெண்கள், “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று கேட்டார்கள். இப்போது வாங்கியிருக்கிற டிரெய்லர்களில் கைப்பிரேக் இருக்கிறது. முட்டுக்கட்டை என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்டது வேலை பழகுவதற்காக. நான் எழுதுவது அதற்காக மட்டும் அல்ல.

எருமை என்று சார் சொன்னது ஒரு வண்டியை. யுத்த காலத்தில் விமானங்களை இழுத்து நிறுத்துவதற்காக சூலூரில் வைத்திருந்த இழுவை வண்டி அது. யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் பீளமேட்டுக்கு, எங்கள் பஞ்சுக் கிடங்கின் யார்டுக்கு வந்துவிட்டது. குட்டையாக, அகலமாக, கறுப்பாக இருக்கும். அதன் மேல் ஒரு பஞ்சுப் பொதியைக்கூட ஏற்ற முடியாது. அதன் வேலை இழுப்பதும் தள்ளுவதும்தான். பின்னால் கொக்கி, முன்னால் கனத்த இரும்புத் தட்டு. ரயிலில் வந்து இறங்கும் பொதிகளை டிரெய்லர்களில் ஏற்றுவார்கள். எருமை அவற்றை ஒவ்வொன்றாகக் கிடங்குக்கு இழுத்துப் போகும். காலி டிரெய்லரைத் திரும்பக் கொண்டுவந்து விடும். சாலைக்கு அது வந்ததே இல்லை.

அதை ஓட்டியவர் மாரப்பண்ணன். சூலூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் ஓட்டப் பழகியவர். வண்டி ஏலத்தில் வந்தபோது அதோடு சேர்ந்து அவரும் வந்தார் என்று சுமைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு டிரெய்லரில் எத்தனை பொதி இருக்கிறது என்பதை எருமையின் முனகலை வைத்தே சொல்லிவிடுவார்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளகோவில் பக்கம் பிறருடைய காட்டில் கூலிக்கு உழைத்த குடும்பம். அம்மாவுக்கு மில் வேலை கிடைத்ததால் பீளமேட்டுக்கு வந்தோம். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. பள்ளி இறுதித் தேர்வில் தேறி, புது நயா பைசா கைக்குப் பழகிக்கொண்டிருந்த நாளில் இந்த ஆபீசில் நகல் எழுதச் சேர்ந்தேன். கொடி காட்டுகிற குமாஸ்தா அன்றைக்கே சொல்லாமல் நின்றுவிடவே, ஒரு வாரத்துக்கு என்று சொல்லிக் கொடியை என்னிடம் கொடுத்தார்கள். அந்த வாரம் முடியவே இல்லை.

வேலை முறை இது. எங்கள் யார்டு கிழக்கே உயர்ந்து, மேற்கே ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மேடையை நோக்கிச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு, சக்கரத்துக்குத் தெரியும். பழைய டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது. ஆகவே ஒரு டிரெய்லரை நிறுத்தினால், பள்ளத்துப் பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு முன்னாலும் வேலமரத்தில் செய்த முட்டுக்கட்டையை வைக்க வேண்டும். பிறகு மாரப்பண்ணன் எருமையை அரை அடி தளர்த்துவார். டிரெய்லர் நகர்ந்து கட்டையில் உட்காரும். அது உட்கார்ந்த பிறகுதான் எருமையின் கொக்கியோடு டிரெய்லரைப் பிணைக்கும் இரும்பு முளையை, அதாவது பூட்டாணியை, உருவலாம். எடுக்கும்போது தலைகீழ்: முதலில் பூட்டு, பிறகு கட்டை, கடைசியில் என் கொடி. கட்டையை எடுத்த ஆள் என் கண்ணில் படும்படி அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு கட்டையையும் பார்த்த பிறகே பச்சைக் கொடியை விரிப்பேன்.

ஒவ்வொரு நடைக்கும் நகர்வுச் சீட்டு உண்டு. டிரெய்லர் எண், எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு. அதில் ‘கட்டை’ என்று ஒரு கட்டம் சேர்த்தவள் நான். நிறுத்தியதும் கட்டை வைத்ததை என் கண்ணால் பார்த்து அதில் ஒரு குறி போடுவேன். சுமைக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

“டீச்சரம்மா, கட்டைக்கெல்லாம் ஆஜர் எடுத்தாச்சுங்களா?”

“ஏழாம் நெம்பருக் கட்டை இன்னிக்கு லீவுங்க. காச்சலாம்.”

நானும் சிரித்துக்கொண்டேதான் குறி போடுவேன். அந்தக் கட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

ரங்கசாமி சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சுமை தூக்குகிறவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். காலை ஏழரைக்கு வந்ததும் டிரெய்லர் வரிசையில் நடந்து, ஒவ்வொரு கட்டையையும் செருப்பின் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். கட்டை அசைந்தால் திட்டமாட்டார். அங்கேயே நின்று கைக்குட்டையை எடுப்பார். மடிப்பைப் பிரித்து, முகத்தைத் துடைத்து, மறுபடி அதே மடிப்பில் மடிப்பார். அதற்குள் யாராவது ஓடிவந்து கட்டையை அடித்து இறுக்கியிருப்பார்கள். “நன்றிங்க” என்று சொல்லிவிட்டு நகர்வார். காகிதத்தில் பச்சை மையில் கையெழுத்திடுவார். அவர் கையெழுத்திட்ட காகிதம் மாறாது. அதில் தப்பு இருந்தாலும் மாறாது. அவர் மேசையருகே இருந்த பானைத் தண்ணீரை மாரப்பண்ணனோ சுமைக்காரர்களோ குடித்து நான் பார்த்ததில்லை. குடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் இல்லை. எனக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர் வைத்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சீனச் சண்டைக்கு அடுத்த வருட ஆயுத பூசை. முதலாளி குடும்பத்தோடு வரப்போவதாகச் செய்தி வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார்.

“அம்மணி, வேலை செய்யற சாமான் ஒண்ணு உடாம பூசைக்கு வரோணுமுங்க. போன வருசம் ஒரு கடப்பாரை உட்டுப்போச்சு. நல்லா இல்லீங்க. நீங்க ஒரு பட்டியலு எழுதிப்போடுங்க.”

இரண்டு நாள் யார்டைச் சுற்றி எழுதினேன். கடப்பாரை, கயிறு, தராசு, ஜாக்கி, திருப்புளி, பூட்டாணி ஏழு, முட்டுக்கட்டை பதினான்கு. நல்ல காகிதத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் படியெடுத்தேன். சார் கீழே பச்சை மையில் கையெழுத்திட்டு, “பள்ளிக்கோடத்துப் படிப்பு படிப்புத்தானுங்க” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூசையன்று மத்தியானம் ஏழு டிரெய்லர்களையும் கழுவி, மேட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். கட்டை வைத்ததைப் பார்த்து ஏழு சீட்டிலும் குறி போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கட்டைகளை எடுத்துக் கழுவிச் சந்தனம் பூசச் சொன்னதும் நான்தான்.

மாரப்பண்ணன் வந்தார். “அம்மணி, கட்டைய மட்டும் உட்ருங்க. மத்த சாமானெல்லாம் நாம வேலை செய்யறப்ப வேலை செய்யுது. இது நாம ஊட்டுக்குப் போன பொறகுதான வேலை செய்யுது. இதைக் கொண்டு போயிப் பொட்டு வெச்சா வண்டியை ஆரு புடிக்கறது?”

“சார் கையெழுத்துப் போட்டுட்டாருங்கண்ணா.”

“சித்தே கேட்டுப் பாருங்களே.”

“அவரு மாத்த மாட்டாருங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?”

நான் கேட்கவே இல்லை. என் பட்டியலில் ஒரு வரியை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை அவ்வளவுதான்.

மாரப்பண்ணன் எங்கிருந்தோ கல் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு வைத்தார். சார் வரிசையைப் பார்க்க வந்தார். கைக்குட்டையை எடுத்தார். என்னிடம்தான் சொன்னார், அவரிடம் அல்ல: “மொதலாளி காரு வர்ற நேரமுங்க. கல்லு பாக்கறக்கு நல்லா இல்லீங்களே.” நான் சுமைக்காரர்களிடம் சொன்னேன். கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சக்கரம் நின்ற இடத்தில் தரை கொஞ்சம் குழிந்திருந்ததால் எதுவும் நகரவில்லை. “சும்மாவே நிக்குதுங்களே” என்றார் சார். பூசை நன்றாக நடந்தது. முதலாளி என் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடிந்துதான் தொட வேண்டும். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கவும் வேண்டும். இரண்டும் எங்கள் யார்டில் மீறாத வழக்கம். அந்த வருடம் இரண்டும் மோதிக்கொண்டன. மறுபூசைக்கு வரவேண்டிய ஐயர் வேறொரு மில்லில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. முதலாளி வீட்டுப் பெண்கள் காரில் காத்திருந்தார்கள்.

சார் சொன்னார்: “ஆயுதத்தைத் தொட வேண்டாமுங்க. எருமை நாலடி ஓடி எலுமிச்சம்பழம் நசுங்குனாப் போதும். மொத டிரெய்லரை முன்தட்டுல தள்ளுங்க மாரப்பா.”

அந்த முதல் டிரெய்லரில் மட்டும் மாலை போட்ட பொதிகள் ஏற்றியிருந்தன.

“பூட்டாமத் தள்ளுனா நிக்காதுங்க சார். பூட்டாணி அங்க பூசையில கெடக்குதுங்க.”

“நாலடிதானுங்க.”

மாரப்பண்ணன் என்னைப் பார்த்தார். கொடி என் கையில் இருந்தது. எந்தக் கட்டையும் யார் தலைக்கு மேலும் உயரவில்லை. பச்சையை விரித்தேன்.

எருமை முட்டியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. காருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். குழியை விட்டு ஏறிய டிரெய்லர் நாலடி போனது, எட்டடி போனது, நிற்கவில்லை. கீழே மேடையோரம் இரண்டு பெண்கள் குனிந்து சிந்திய பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாரப்பண்ணன் வண்டியிலிருந்து குதித்து, பூசை வைத்த இடத்துக்கு ஓடினார். பத்துத் தப்படி இருக்கும். சந்தனப் பொட்டோடு பதினான்கு கட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தன. குனிந்து கையை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணா, பூசை முடியலைங்க” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சார் பக்கத்தில் நின்றார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவர் கை நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு வெறுங்கையோடு திரும்பி ஓடி, டிரெய்லரை எட்டி, அதன் முன்னால் நீண்டிருந்த இழுதண்டைப் பிடித்து உடம்போடு வளைத்தார். முன்சக்கரங்கள் திரும்பின. டிரெய்லர் அந்தப் பெண்களை விட்டு விலகி யார்டுச் சுவரில் மோதியது. திரும்பிய சக்கரத்துக்கு அடியில் அவருடைய வலது பாதம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சார் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. மேசைமேல் முதல் டிரெய்லரின் நகர்வுச் சீட்டு இருந்தது.

“கட்டை வெச்சிருந்துச்சுன்னு நீங்க குறி போட்டிருக்கீங்க. விடிஞ்சு பாத்தா கட்டை இல்லை. ஓட்டறவரு பாத்து ஓட்டோணுமல்லங்க?”

“கட்டை பூசையில இருந்துச்சுங்களே சார்.”

“இருந்துச்சுங்க. அதுக்குப் பட்டியலு ஆரு எழுத்துங்க?” பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார். “இதைக் காட்டுனா மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. உங்கய்யன் கூலிக்குப் போயிப் படிக்க வெச்ச புள்ளை நீங்க. நானா உங்களைக் காட்டிக் குடுப்பேன்? நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேனுங்க. நடந்ததை நீங்களே எழுதிப்போடுங்க.”

எழுதினேன். ‘முந்தின நாள் டிரெய்லரை நிறுத்தியபோது கட்டை வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை ஓட்டுநர் அதைத் தள்ளியபோது கட்டை இல்லை.’ இரண்டு வாக்கியமும் உண்மை. பதினொரு வருடப் படிப்பு எனக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. சார் படித்துவிட்டு “நன்றிங்க” என்றார். பட்டியலை அவர் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுமைக்காரர்கள் தினக்கூலிகள். அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்தார்கள், சாட்சிக்கு யாரும் மிஞ்சவில்லை. முதலாளி வீட்டார் பார்த்தது மாலையைத்தான். கவனக்குறைவு என்று மாரப்பண்ணனை நீக்கினார்கள். ஈட்டுத்தொகையும் இல்லை. தை மாதம் என்னை யார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அம்மா தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு நாளும் போகவில்லை.

அடுத்த மூன்று ஆயுத பூசைக்கும் சார் பட்டியலைத் தானே எழுதினார். “உங்களுக்கு எதுக்குங்க அம்மணி சிரமம்” என்பார். அவ்வளவுதான் சொல்வார். சுமைக்காரருக்குக் காயம் என்றோ, தண்ணீர் இல்லை என்றோ நான் எதையாவது கேட்கப் போனால், அதைச் சொல்லும்போது இருந்த அவர் முகம் நினைவுக்கு வரும், பாதியில் திரும்பிவிடுவேன். வெளியே எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். வாழ்த்து மடலை என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

“உங்களுதுங்க. இனி எனக்கெதுக்கு? கிழிச்சுப்போட்டு நிம்மதியா இருங்க.”

அவர் முகத்தில் உண்மையாகவே வாஞ்சை இருந்தது. எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவர் நம்பினார். பிரித்துப் பார்த்தேன். என் பட்டியல்தான். ‘முட்டுக்கட்டை பதினான்கு’ என்ற வரி அப்படியே இருந்தது. அடியில் பச்சை மைக் கையெழுத்து இருந்த இரண்டு விரல் அகலத்தைக் கத்தரிக்கோலால் கோணாமல் வெட்டியிருந்தார்.

அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பட்டியல் பற்றியும், கல்லை எடுத்தது பற்றியும், கொடி பற்றியும் ஒரு மனு எழுதிக்கொண்டு இருகூருக்குப் போனேன். மாரப்பண்ணன் அங்கே ஒரு சைக்கிள் கடை வாசலில் சாக்கின்மேல் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, “வாங்க அம்மணி” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“படிங்க, கேப்போம்.”

படித்தேன். தண்ணீரில் எழும் குமிழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், “அவ்வளவுதானுங்களா?” என்றார்.

“ஆமாங்கண்ணா.”

“நான் கையை நீட்டுனப்பத் தொடாதீங்கன்னு ஒரு சத்தம் வந்துதே. அது இதுல இல்லீங்களே.”

மனுவை மடித்தேன்.

“பட்டியலு போனாப் போகுதுங்க. அது ஆரு வேணா எழுதுவாங்க. அந்தச் சத்தத்தை நெனச்சுக்கிட்டுத்தான் மூணு வருசமாப் படுக்கறேன். ஆரு சொன்னான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“விசாரணைக்கு நீங்களும் வரோணுமுங்கண்ணா. உங்க பேருல இருக்கற குத்தம் போயிரும்.”

“குத்தத்தை எழுதுனவிய நீங்க. எடுக்கறதும் நீங்களே எடுங்க. இந்தக் கட்டைக் காலை ஊணிக்கிட்டு ஆபீசு படி ஏறி, இன்னொருக்கா ‘வாங்க மாரப்பா’ன்னு அவரு சொல்றதைக் கேக்க என்னால முடியாதுங்க.” டியூபை எடுத்துத் துடைத்தார். “பஸ்ஸு வர்ற நேரம். போயிட்டு வாங்க.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து மனுவின் கடைசிப் பக்கத்தில், இடமில்லாத இடத்தில், நெருக்கி எழுதினேன்: ‘ஓட்டுநர் கட்டையை எடுக்கக் குனிந்தபோது தொட வேண்டாம் என்று தடுத்தது நான்.’ இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. மறுபடி படியெடுக்கவில்லை.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் அதைக் கொடுத்தேன். அதிகாரி கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

“இதுல குத்தம் உங்க மேலதானுங்க அதிகமா வருது.”

“ஆமாங்க.”

“மூணு வருசம் ஏன் வரலை?”

“உத்தியோகம் போயிருமுன்னு பயமுங்க.”

“இப்ப?”

“உட்டுட்டேனுங்க.”

விசாரணைக்கு அவர் குறித்த முதல் நாள் நேற்று. மாரப்பண்ணன் வரவில்லை. ரங்கசாமி சார் வெளுத்த வேட்டியில் வந்து எனக்கு வணக்கம் சொன்னார். என்னை முதலில் கூப்பிட்டார்கள். எழுந்து போய், அந்தக் கடைசி வரியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.